அப்பளக் களத்துக்கு வந்த கடல்

செங்காட்டூருக்குக் கடல் வந்த அன்று, அதை முதலில் தெரிந்துகொண்டவை குற்றாலலிங்கத்தின் அப்பளங்கள்தான். விடிந்ததும் களத்துக்கு வந்து, முந்தின நாள் வெயிலில் காய்ந்து கலகலவென்று கிடந்தவற்றில் ஒன்றை எடுத்து வழக்கம்போல உடைத்துப் பார்க்கப் போனவர், அது உடையாமல் நனைந்த துணி போல விரலில் துவண்டு தொங்கியதைக் கண்டு வானத்தைப் பார்த்தார். மழைக்கான அறிகுறியே இல்லை. இன்னொன்றை எடுத்தார், அதுவும் துவண்டது. பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. களத்துச் சுவருக்கு அந்தப் பக்கம், நேற்று வரை சீமைக்கருவேலமும் இடிந்த செங்கல் சூளையும் மட்டும் இருந்த பொட்டலில், கடல் வந்து படுத்திருந்தது. நீலமாக, அக்கரை தெரியாமல், ரொம்பக் காலமாக அங்கேயே குடியிருப்பது போன்ற நிதானத்தோடு அலையடித்துக்கொண்டிருந்தது.

குற்றாலலிங்கம் வெயிலை விற்றுப் பிழைக்கிறவர். அப்பளம், மோர்மிளகாய், சுண்டைக்காய் வற்றல், கூழ்வடகம் என்று அவர் கடையில் இருந்த எல்லாமே செங்காட்டூர் வெயில் பாதி செய்து கொடுத்த சரக்குதான். அந்த வெயிலைப் போலவே அவரும் ஒரே மாதிரி இருப்பதை விரும்புகிறவர். கடையில் அவர் உட்காரும் முக்காலியை யாராவது ஒரு சாண் நகர்த்தி வைத்துவிட்டால் அன்றைக்கு முழுக்க எடையில் கை நிதானப்படாது. எதிர் வீட்டுக்காரர் ஒரு தீபாவளிக்குத் தன் சுவருக்குக் கிளிப்பச்சை அடித்தபோது, அதைப் பார்க்கப் பிடிக்காமல் பின்வாசல் வழியாகவே பொங்கல் வரைக்கும் வந்து போனவர். அப்படிப்பட்டவர் வீட்டுக் கொல்லைக்குக் கடல் வந்தால் என்ன செய்வார்? துவண்ட அப்பளத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது வந்து இதை எடுத்துக்கொண்டு போவார்கள் என்பது போல நின்றார்.

யாரும் வந்து எடுத்துக்கொண்டு போகவில்லை. கிழக்கே போகிற பஸ் அன்றைக்கும் நேரத்துக்குக் கிளம்பி, கடலோரமாகவே கொஞ்ச தூரம் வளைந்து, அப்புறம் எப்போதும் போலக் காய்ந்த ஊர்கள் வழியாகப் போய்ப் பழைய கடற்கரையைச் சேர்ந்தது. அங்கேயும் ஒரு கடல் இருக்கிறது, நடுவில் எல்லாம் பொட்டல்தான், என்று திரும்பி வந்த கண்டக்டர் சொன்னார். அப்படியானால் இது எந்தக் கடல் என்று கேட்டவர்களிடம், டிக்கெட் கிழிக்கிறவனிடம் கேட்கிற கேள்வியா இது என்றார். தாலுகா ஆபீசிலிருந்து வந்தவர்கள் ஓரத்தில் நின்று, செருப்பு நனையாமல் எட்டிப் பார்த்து, புறம்போக்கில்தான் இருக்கிறது, பட்டா நிலம் எதிலும் ஏறவில்லை, அதனால் இப்போதைக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு, ஆளுக்கு ஓர் இளநீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

செங்காட்டூர் ஜனங்களுக்கு ஆச்சரியத்தைவிடத் தர்மசங்கடம்தான் அதிகம். குடத்தைத் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஓடியே வளர்ந்த ஊர் அது. இவ்வளவு தண்ணீரை ஒரே இடத்தில் பார்த்ததும் முதலில் எல்லாப் பெண்களும் குடத்தோடுதான் போனார்கள். ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, குடிக்க முடியாத தண்ணீருக்கு என்ன மரியாதை கொடுப்பது என்று தெரியாமல் கரையில் நின்றார்கள். பிறகு மெல்ல மெல்ல, வீட்டுக்கு வந்து திரும்பிப் போகாத விருந்தாளியோடு பழகுவது போல, அதோடு பழகினார்கள். காலையில் துவைத்துப் போட்ட துணி மாலையிலும் ஈரமாக இருப்பதற்குப் பழகினார்கள். இரும்பு கேட்டுகள் துருப்பிடிப்பதற்கும், உப்புச் சாடியில் உப்பு கட்டிப்போவதற்கும், தலைமுடி பிசுபிசுப்பதற்கும், பேசும்போது அலைக்கு மேலே குரலை உயர்த்திப் பேசுவதற்கும் பழகினார்கள். பஞ்சர் கடை சீனிராஜ் பழைய லாரி டியூப்களுக்குக் காற்றடித்துப் பிள்ளைகளுக்கு மிதக்க வாடகைக்கு விட்டான். பிள்ளையார் கோயில் குருக்கள் சாயரட்சையை முடித்துக்கொண்டு நேராகக் கரைக்கு வந்து, வேட்டி நனையாத தூரத்தில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்டார். மூன்றாம் மாதத்தில், கடல் இல்லாத செங்காட்டூர் எப்படி இருந்தது என்று கேட்டால், யோசித்துத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

பழகத் தேவையே இல்லாமல் இருந்தது ஒரே ஓர் ஆள், குற்றாலலிங்கத்தின் மனைவி அமலோற்பவம்.

அவள் பிறந்தது சந்தியாகுதுறையில், வலையும் மீன்பிடி வள்ளமும் உள்ள குடும்பத்தில். மாதா கோயில் திருவிழாவுக்கு அப்பளமும் வற்றலும் கொண்டுபோய்க் கடை போட்ட குற்றாலலிங்கத்திடம், உங்கள் அப்பளத்தில் உப்பு பத்தவில்லை என்று ஒரு வருஷமும், இந்த வருஷம் பரவாயில்லை என்று அடுத்த வருஷமும் சொன்னவள். மூன்றாவது வருஷம் அவர் கடையைக் கட்டிக்கொண்டு திரும்பியபோது அவரோடேயே வந்துவிட்டாள். அவளுடைய அண்ணன் கஸ்பார் அதற்கப்புறம் அவளோடு பேசவில்லை. இந்தப் பக்கம் குற்றாலலிங்கத்தின் அம்மா இரண்டு நிபந்தனைகளோடு மருமகளை ஏற்றுக்கொண்டார்: சைவக் குடும்பத்து அடுப்பில் மீன் ஏறக் கூடாது, பெயரை அமலா என்று சுருக்கிக்கொள்ள வேண்டும். அமலோற்பவம் இரண்டுக்கும் சரி என்றாள். மாமியார் காலமாகி வெகுநாள் ஆகியும், மகள் கல்யாணமாகி ஓசூருக்குப் போய்ப் பேரன் பிறந்த பிறகும், அந்தச் சரி அப்படியே இருந்தது. அதை மாற்றச் சொல்லி அவளும் கேட்கவில்லை, மாற்றிக்கொள்ளச் சொல்லி அவரும் சொல்லவில்லை. குற்றாலலிங்கத்துக்கு எது எப்படி இருக்கிறதோ அப்படியே இருந்தால் போதும்.

கடல் வந்த காலையில் காப்பி டம்ளரோடு களத்துக்கு வந்த அமலோற்பவம், நடுவழியில் நின்று மூக்கை உயர்த்தினாள். டம்ளரைச் சுவர் மேல் வைத்தாள். செருப்பைக்கூடப் போடாமல், கருவேல முள்ளெல்லாம் எங்கே போயிற்று என்று பார்க்காமல், நேராக நடந்து போய் முழங்கால் தண்ணீரில் நின்றாள். கூப்பிடலாமா என்று குற்றாலலிங்கம் யோசித்தார். தலை குளிக்கப் போன மனைவியைக் கதவைத் தட்டிக் கூப்பிடுவது போல இருக்கும் என்று தோன்றியதால் கூப்பிடவில்லை. அவள் திரும்பி வரும்போது காப்பி ஆறிப்போயிருந்தது. அதை அவரே குடித்தார்.

அதற்குப் பிறகு அவள் நடை மாறியது. இத்தனை வருஷமாக அந்த வீட்டுக்குள் அவள், தளும்பத் தளும்ப நிறைந்த எதையோ இடுப்பில் வைத்திருப்பவள் போலத்தான் நடந்திருந்தாள் என்பது, அந்த நடை போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது. இப்போது கையை வீசி நடந்தாள். வலை வாங்கி வந்துவிட்டு அதை எந்தப் பக்கம் பிடிப்பது என்று தெரியாமல் நின்ற ஊர் ஆண்களைக் கரையிலிருந்து உரத்துத் திட்டித் திட்டியே மீன் பிடிக்கப் பழக்கினாள். அவளுடைய பேச்சில் பழைய துறைப் பேச்சு, வெயிலில் வைத்த எண்ணெய் போல உருகிக் கலந்தது. ஊர்க்காரர்கள் அவளிடம் முழுப் பெயர் என்ன என்று கேட்டு, சொல்லச் சிரமப்பட்டாலும் முழுசாகவே சொல்லிக் கூப்பிட்டார்கள்.

குற்றாலலிங்கத்துக்கு அப்பளம் காயவில்லை என்ற கவலை ஒரு பக்கம், பொறாமை ஒரு பக்கம். மனைவியின் பிறந்த வீட்டு ஆள் யாரோ பெட்டியோடு வந்து தங்கிவிட்டது போல இருந்தது அவருக்கு. அந்த ஆள் இரவும் பகலும் பேசிக்கொண்டே இருந்தான், அவளும் அடுப்படியிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பளத்தை விறகு அனலில் காய வைத்துப் பார்த்தார், புகை நாற்றம் அடித்தது. மின்விசிறி போட்டுப் பார்த்தார், பறந்தது. கடையில் சரக்குக் குறைந்து, முக்காலியில் சும்மா உட்கார்ந்திருக்கும் நேரம் கூடியது.

அப்படி ஒரு நாள் அமலோற்பவம் வந்து, களத்தில் பாதியை எனக்குக் கொடுங்கள், நெத்திலி காயப்போடுகிறேன், உப்புப் போட்டால் அது இந்தக் காற்றிலும் காயும் என்று கேட்டாள். அவர் எழுந்து போய், களத்தின் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டினார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் நீ, இந்தப் பக்கம் நான், வாடை கயிறு தாண்டக் கூடாது என்றார். வாடைக்குக் கயிறு தெரியுமா? முதல் வாரம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாம் வாரம் துண்டு கழுத்துக்கு இறங்கியது. மழை தூறிய ஒரு மதியம் அவள் கரையில் இருந்தபோது, குற்றாலலிங்கம் கயிற்றைத் தாண்டிப் போய், முகத்தை மட்டும் மேற்கே திருப்பிக்கொண்டு, நெத்திலி முழுவதையும் முறத்தில் அள்ளி உள்ளே கொண்டுவந்து வைத்தார். அவள் வந்து முறத்தைப் பார்த்தாள், அவருடைய கையைப் பார்த்தாள், சோப்பு எடுத்துக் கொடுத்தாள். அன்றிலிருந்து நெத்திலியை யார் புரட்டிப் போடுவது என்பதில் ஒழுங்கு ஒன்றும் இல்லாமல் போனது. அவர் கடைசி வரை மீன் சாப்பிடவில்லை. கருவாட்டில் எது நல்ல காய்ச்சல், எது அரைக் காய்ச்சல் என்று மட்டும் தொட்டுப் பார்த்தே சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார். காய்வது என்பது அப்பளமானாலும் மீனானாலும் ஒன்றுதானே.

இப்படி ஒரு வருஷமும் சொச்சமும் போனது. பிறகு ஒரு நாள் களத்துச் சுவருக்கும் தண்ணீருக்கும் நடுவே ஈரமணல் ஒரு கட்டில் அகலத்துக்குத் தெரிந்தது. மறுநாள் இரண்டு கட்டில் அகலம். வந்ததைப் போலவே, யாரிடமும் சொல்லாமல், கடல் கிளம்பிக்கொண்டிருந்தது. ஒரேயடியாகப் போகவில்லை. நிறைமாதக்காரி நடப்பது போல, கொஞ்சம் நகர்ந்து, நின்று மூச்சு வாங்கி, இன்னும் கொஞ்சம் நகர்ந்து, கிழக்கே போனது.

ஊர் முதலில் கோபித்துக்கொண்டது. சீனிராஜ் டியூப்களைக் கரைக்கும் தெருவுக்குமாகத் தூக்கித் தூக்கித் தோள்வலி கண்டு, வந்ததுதான் வந்தது, இருந்திருக்கக் கூடாதா என்றான். பிறகு ஊர் இதற்கும் பழகியது. துணி காலையில் போட்டால் மதியம் காய்ந்தது. லாரித் தண்ணீருக்குக் குடங்கள் வரிசையாக நின்றன. பொட்டலில் முதல் கருவேலங்கன்று தலையைக் காட்டியது.

குற்றாலலிங்கம் ஒரு காலையில் அப்பளத்தை எடுத்து உடைத்தார். படக்கென்று உடைந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. வெயில் திரும்பி வந்துவிட்டது, தொழில் திரும்பி வந்துவிட்டது. அமலா என்று கூப்பிட்டுக் காட்டுவதற்காகத் திரும்பினார்.

அமலோற்பவம் களத்தின் தன் பாதியைக் கழுவிக்கொண்டிருந்தாள். எலுமிச்சம்பழத்தோலும் சாம்பலும் போட்டுத் தேய்த்து, மீன் வாடை சொட்டுக்கூட இல்லாமல் கழுவி முடித்து, கயிற்றை அவிழ்த்துச் சுருட்டி ஆணியில் மாட்டினாள். இனிமேல் முழுக்க நீங்களே போடலாம் என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு, வாளியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் நடந்தாள். கையை வீசவில்லை. தளும்பி விடாமல், ஒன்றும் சிந்திவிடாமல், பழைய நடையில் போனாள்.

அவர் அங்கேயே நின்றார். கையிலிருந்த அப்பளத் துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பார். சண்டை போட்டிருந்தால் சாப்பிடாமல் கோபித்துக்கொண்டு படுத்திருப்பார். இவளோ, தன்னைச் சுருக்கி மடித்துப் பெட்டிக்குள் வைப்பதை, சேலை மடிப்பது போல அவ்வளவு லாகவமாகச் செய்தாள். முதல் தடவை அவள் இப்படி மடித்துக்கொண்டபோது தான் எங்கே பார்த்துக்கொண்டிருந்தோம் என்று அவருக்கு ஞாபகமே வரவில்லை.

அன்று மாலை இருவரும் கரைக்குப் போனார்கள். இப்போது அது கால் மணி நேர நடை.

"இது எங்க போகுது?" என்று கேட்டார்.

"வந்த இடத்துக்கு."

"அது எந்த இடம்னு உனக்குத் தெரியுமா?"

அவள் குனிந்து தண்ணீரைத் தொட்டு நாக்கில் வைத்தாள். "எங்க ஊர்த் தண்ணி. முதல் நாளே தெரியும்."

குற்றாலலிங்கம் பின்வாங்கிப் போகிற அலையைப் பார்த்தார். பயமாக இருந்தது. முக்காலியை நினைத்தார், களத்தை நினைத்தார், கால் நீட்டிப் படுக்கும் மூலையை நினைத்தார். பிறகு, "அப்ப நாமளும் கூடப் போவோம்" என்றார்.

"உங்க களம்?"

"வெயில் எல்லா ஊர்லயும்தான் அடிக்குது."

"அங்க என்னைச் சேத்துக்குவாங்களான்னு தெரியாதுங்க."

"சேத்துக்கலைன்னா கரையில உக்காந்திருப்போம். கடலுக்கு யாரும் பட்டா போடலல்ல."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அலையைப் பார்த்தாள். உங்களுக்கு அங்கே சாப்பாடு ஒத்துக்கொள்ளாது, இட்லிக் கொப்பரையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்றாள்.

அப்படித்தான், முக்காலியை ஒரு சாண் நகர்த்தப் பொறுக்காத மனிதர், முக்காலியையும் இட்லிக் கொப்பரையையும் உளுந்து மூட்டையையும் கருவாட்டுப் பெட்டிகளையும் ஒரு தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு, வீட்டுச் சாவியை எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு, கடலின் பின்னால் கிளம்பினார். சீனிராஜும் டியூப்களோடு வந்தான், பஞ்சர் எந்த ஊரிலும் ஒட்டலாம் என்றான். கடல் நகர்ந்தால் நடந்தார்கள், நின்றால் வேப்பமரமோ புளியமரமோ பார்த்து இறங்கினார்கள். காலையில் எங்கே விழிக்கப்போகிறோம் என்பது தெரியாமலே தூங்கப் போவது குற்றாலலிங்கத்துக்கு முதலில் பிடிக்கவே இல்லை. ஒரு வாரம் போனதும் விழித்தவுடன் எந்த மரத்தடி என்று ஆவலாகத் தலையைத் தூக்கிப் பார்க்கத் தொடங்கினார். ஒவ்வொரு ஊரிலும் அந்தந்த ஊர் வெயிலை ருசி பார்ப்பது போல நாலு அப்பளம் காயப்போட்டார். ஓர் ஊரில் வெயில் மிருதுவாகவும் இன்னோர் ஊரில் கறாராகவும் இருப்பதை அமலோற்பவத்திடம் சொல்லிக்கொண்டே வந்தார்.

வழியில் இருந்த ஊர்களுக்கெல்லாம் ஒரு நாளோ இரண்டு நாளோ கடல் கிடைத்தது. அவர்களும் பெரிதாக ஆச்சரியப்படவில்லை. தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற பெண் தெருவழியே போனால் எப்படி வாசலில் வந்து நிற்பார்களோ அப்படி நின்று, மஞ்சள் தண்ணீர் கரைத்து ஊற்றி, பூ விட்டு, பிள்ளைகளின் காலை ஒரு தடவை நனைத்து, மெதுவாகப் போ தாயி என்று அனுப்பி வைத்தார்கள். ஆட்டுக்காரர்கள் ஆடுகளை ஓரம் ஒதுக்கி வழி விட்டார்கள். பனைமரங்கள் தொடங்கின. மண் வெளுத்தது. அமலோற்பவம் பேச்சைக் குறைத்துக்கொண்டாள்.

சந்தியாகுதுறையில் ஒரு வருஷத்துக்கு மேலாகவே கடல் உள்வாங்கியிருந்தது. எங்கே குறைந்தது, ஏன் குறைந்தது என்று யாருக்கும் தெரியாது. முன்பு அலை வந்து தொட்ட இடத்திலிருந்து வெகுதூரம் ஈரமணலில் நடந்துதான் தண்ணீரைத் தொட வேண்டும். அவர்களும் அதற்குப் பழகி, வள்ளங்களையெல்லாம் கீழே, புதிய கரையிலேயே நிறுத்தி வைத்திருந்தார்கள். வலையை அங்கேயே காயப்போட்டார்கள், ஏலமும் அங்கேயே நடந்தது. ஒரு சனிக்கிழமை பிற்பகலில், செங்காட்டூர்க் கடல் ஊருக்குள் காலை வைக்காமல், தெற்கே சுற்றி, கழிமுகம் வழியாக, வெளியூர் போய்விட்டுத் தாமதமாக வந்தவர்கள் சத்தமில்லாமல் உள்ளே நுழைவது போலப் பழைய கடலோடு போய்ச் சேர்ந்தது. சேர்ந்தவுடன் தண்ணீர் ஏறத் தொடங்கியது. கோபமாக ஏறவில்லை, ஆனால் நிற்காமல் ஏறியது.

தள்ளுவண்டியோடு மணல்மேட்டில் வந்து நின்றவர்கள் கண்டது, ஒரு துறை முழுவதும் கீழே ஓடிக்கொண்டிருப்பதைத்தான். ஆண்களும் பெண்களும் வலைகளை அள்ளிக்கொண்டும், வள்ளங்களை மேட்டுக்குத் தள்ளிக்கொண்டும் இருந்தார்கள். ஆள் பற்றவில்லை. நடுவில், தலை முழுக்க நரைத்த, அகலத் தோள்காரர் ஒருவர் நீல வள்ளம் ஒன்றின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். அலை அவர் முழங்காலுக்கு வந்துவிட்டிருந்தது.

"அண்ணன்" என்றாள் அமலோற்பவம்.

அவள் நின்ற இடத்திலேயே நின்றாள். குற்றாலலிங்கமும் நின்றார். வண்டியை விடுவதா பிடிப்பதா என்று அவருக்குத் தெரியவில்லை. வழியெல்லாம் அவர் இந்த இடத்துக்காகச் சில வார்த்தைகளைச் சேர்த்து வைத்திருந்தார், மன்னிப்பு மாதிரியும் இல்லாமல் வம்பு மாதிரியும் இல்லாமல். அலை ஏறும் இந்த நேரத்தில் அவற்றுக்கு இடமில்லை.

கஸ்பார் தலையை நிமிர்த்தினார். முதலில் தங்கையைப் பார்த்தார். பார்த்தது பார்த்தபடி ஓர் அலை வந்து போகிற நேரம் இருந்தார். அவர் முகத்தில் என்னென்னவோ ஏறி இறங்கியது. பிறகு அவருடைய பார்வை நகர்ந்து, முழங்காலுக்கு மேல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மணலும் உப்பும் ஒட்டிய காலோடு, இட்லிக் கொப்பரை ஏற்றிய வண்டியைப் பிடித்து நின்ற மனிதரிடம் வந்தது. அடுத்த அலை வள்ளத்தைத் தூக்கி ஆட்டியது.

"என்ன மாப்ள நின்னு பாத்துட்டிருக்கிய? அந்தப் பக்கம் வந்து தோள் குடுங்க."

கல்யாணமான நாளிலிருந்து அந்த முறை சொல்லி ஒருவரும் குற்றாலலிங்கத்தைக் கூப்பிட்டதில்லை. பேரன் பிறந்த பிறகு மாப்பிள்ளை ஆனவர் அவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். வண்டியைச் சீனிராஜிடம் விட்டுவிட்டு, மணல்மேட்டில் பாதி ஓட்டமும் பாதி சறுக்கலுமாக இறங்கி, தண்ணீரில் இறங்கி, மீன் வாடை ஊறிய அந்த நீல மரத்தில் வலது தோளைக் கொடுத்து, கன்னத்தையும் சேர்த்துப் பதித்து நின்றார். மறுபக்கத்தில் அமலோற்பவம் ஏற்கனவே வந்து நின்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டிருந்தாள். கஸ்பார் குரல் கொடுத்தார். மூவரும் சேர்ந்து தள்ள, முதலில் அசையாமல் முரண்டு பிடித்த வள்ளம் மெல்ல நகர்ந்து, மணலை உரசிக்கொண்டு மேட்டில் ஏறியது.

ஏறி நின்றதும் அண்ணனும் தங்கையும் வள்ளத்தின் இரு பக்கமும் குனிந்து மூச்சு வாங்கினார்கள். ஒருவரையொருவர் பார்க்காமல், ஆனால் விலகியும் போகாமல் நின்றார்கள். அவர்களுக்குப் பேச நிறைய இருந்தது, அதை எங்கே தொடங்குவது என்று தேடிக்கொண்டிருந்தார்கள். அது தன் வேலை இல்லை என்று குற்றாலலிங்கத்துக்குத் தெரிந்தது. கீழே இன்னும் ஏழெட்டு வள்ளங்கள் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தன. அவர் துண்டை எடுத்துத் தலையில் கட்டிக்கொண்டு, யாரும் கூப்பிடாமலே, அடுத்த வள்ளத்தை நோக்கி ஓடினார்.